வாய் நமநமன்னா என்ன செய்யலாம்? ஒரு ஆளுக்கான அளவுகள் மட்டும்

#1 நாக்குநீளம்

இந்த இழை திடீர்னு கிளம்புற ஆசைக்கு மட்டும். பசிக்கு இல்லை. வயிறு நிறைய சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு, காரணமே இல்லாம வாய் நமநமங்குமே, அதுக்கு.

செய்முறைன்னு தேடினா எல்லாமே எட்டு பேருக்கு, பத்து பேருக்குன்னுதான் கிடைக்குது. ராத்திரி பதினொரு மணிக்கு எட்டு பேர் கேக்கை ஒரு ஆள் செஞ்சு வெச்சா மீதி ஏழு பங்கு எங்க போகும்னு எல்லாருக்கும் தெரியும். அதனால நிபந்தனை இதுதான்: ஒரு ஆளுக்கு, மிஞ்சினா ரெண்டு பேருக்கு. அடுப்படிக்குள்ள நுழைஞ்சதுல இருந்து வாயில வைக்கிற வரைக்கும் அரை மணி நேரம். அளவு கிராம்ல. கெட்டுப்போனா ஏன்னு காரணம் சொல்லணும். ஆசையை அடக்குற வழி தெரிஞ்சவங்களும் எழுதலாம், ஆனா அதுக்கும் நிமிஷக் கணக்கு வேணும். உபதேசம் வேண்டாம்.

முதல் கேள்வி: மைக்ரோவேவ்ல கோப்பைக்குள்ள செய்யற சாக்லேட் கேக் ஏன் ரப்பர் மாதிரி ஆகுது?

#2 தராசுமுள்

பெரும்பாலும் முட்டைதான் காரணம். ஓடு நீங்கலாக ஒரு முட்டை ஏறத்தாழ 50 கிராம். கோப்பைக் கேக்கில் மாவே 30 கிராம்தான். மாவைவிட முட்டை அதிகமானால் வெந்து வருவது இனிப்பு ஆம்லெட். மாவையும் பாலையும் ஈரம் தெரியாத அளவுக்குக் கலந்து விட்டுவிட வேண்டும்; அதற்கு மேல் அடித்தால் அதுவும் இறுகும்.

முட்டை இல்லாத அளவு: மைதா 30 கிராம், கோகோ 8, சர்க்கரை 25, பேக்கிங் பவுடர் 1 கிராம் (கால் தேக்கரண்டி), உப்பு ஒரு சிட்டிகை, பால் 50 மி.லி., எண்ணெய் 20 மி.லி. உலர்ந்தவற்றை முதலில் முள்கரண்டியால் நன்றாகக் கலக்கவும். கோகோ கட்டி தட்டும் என்பதால் இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. பிறகு பால், எண்ணெய். நடுவில் 10 கிராம் சாக்லேட் துண்டு ஒன்றை அழுத்தி விடலாம். கோப்பை 300 மி.லி. கொள்ள வேண்டும், மாவு பாதிக்கு மேல் நிற்கக் கூடாது, பொங்கி வழியும்.

எண்ணெய்க்குப் பதில் வெண்ணெய் போட்டால் வாசம் கூடும், ஆனால் ஆறியதும் இறுகும். கோப்பைக் கேக் ஐந்தே நிமிடத்தில் ஆறிவிடுகிற சாமான், ஆகவே எண்ணெய்தான் பொருத்தம்.

நேரம்: 800 வாட் அடுப்பில் 60 விநாடி. மேற்பரப்பின் நடுவில் ஒரு நாணயம் அளவுக்கு ஈரம் மின்னும்போதே நிறுத்திவிட வேண்டும். வெளியே எடுத்த பிறகும் உள்சூடு ஒரு நிமிடம் வேக வைத்துக்கொண்டே இருக்கும். முழுதும் காய்ந்த தோற்றம் வரும்வரை உள்ளேயே விட்டால், எடுக்கும்போது அது ஏற்கெனவே கெட்டியாகிவிட்டது.

அடுப்பின் வாட் வேறு என்றால் 48,000-ஐ அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். 1000 வாட்டுக்கு 48 விநாடி, 600-க்கு 80. வாட் எவ்வளவு என்றே தெரியாவிட்டால் 1 லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை அளந்துவிட்டு, முழு வேகத்தில் 2 நிமிடம் ஓட்டி, கலக்கி மறுபடி அளக்கவும். ஏறிய டிகிரியை 35-ஆல் பெருக்கினால் உண்மையான வாட் கிடைக்கும். பெட்டியில் அச்சிட்ட எண்ணும் இதுவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

#3 ஈரக்கைத்துணி

அளவெல்லாம் சரி. ஆனா கோப்பைக் கேக்ல ஒரு குறை என்ன பண்ணினாலும் தீராது. மைக்ரோவேவ்ல மேல்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது, ஈரம் இருக்கற வரைக்கும் அங்கயே நிக்கும். மாவு சிவந்து அந்த வறுத்த வாசம் வரணும்னா ஏறக்குறைய 140 டிகிரி வேணும். அதனால கோப்பைக் கேக்குக்கு ஓரமும் கிடையாது, மொறுமொறுப்பும் கிடையாது. வெறும் நடுப்பகுதி.

அவன் அடுப்பு இருந்தா (சின்ன ஏர்ஃப்ரையர் போதும்) நடுவுல உருகி ஓடுற சாக்லேட் கேக் அதே அரை மணி நேரத்துல வந்துடும். ரெண்டு கிண்ணத்துக்கு: கருப்பு சாக்லேட் 60 கிராம், வெண்ணெய் 50, முழு முட்டை 1, கூடவே ஒரு மஞ்சள்கரு, சர்க்கரை 25, மைதா 12, உப்பு சிட்டிகை. சாக்லேட்டையும் வெண்ணெயையும் சேர்த்து உருக்குங்க. முட்டையையும் சர்க்கரையையும் ஒரு நிமிஷம் நுரைக்க அடிங்க. ரெண்டையும் சேர்த்து, கடைசியில மைதா. 150 மி.லி. கிண்ணத்துக்கு உள்ளே வெண்ணெய் தடவி கோகோ தூவிடணும். இதை விட்டீங்கன்னா கவிழ்க்கும்போது பாதி கிண்ணத்தோட ஒட்டிக்கும். 220 டிகிரி, முன்கூட்டியே சூடேறின அவன், 9 முதல் 10 நிமிஷம். ஓரம் ஒன்றரை சென்டிமீட்டருக்கு இறுகி, நடு மட்டும் கிண்ணத்தை ஆட்டினா நடுங்கணும். எடுத்து ஒரு நிமிஷம் கழிச்சுக் கவிழ்க்கலாம். ஏர்ஃப்ரையர்ல காத்து வேகம் ஜாஸ்தி, 190 டிகிரி வெச்சு 8 நிமிஷத்துல பாக்க ஆரம்பிங்க.

ரெண்டாவது கிண்ணத்தை வேக வைக்காம மூடி ஃபிரிட்ஜ்ல வெச்சா மறுநாள் வரைக்கும் தாங்கும். குளிர்ந்த மாவுக்கு 2 நிமிஷம் கூட்டணும்.

இதை யார் முதல்ல செஞ்சதுன்னு ஒரு பழைய தகராறு உண்டு. பிரான்சுல மிஷேல் ப்ராங்கற சமையல்காரர் 1981-ல செஞ்சது வேற முறை. உறைய வெச்ச கனாஷ் (சாக்லேட்டும் க்ரீமும் கலந்தது) உருண்டையை மாவுக்கு நடுவுல புதைச்சார். மாவு முழுசா வெந்துடும், நடுவுல இருக்கறது வெறும் உருகின கனாஷ். நியூயார்க்ல ஜான் ஜார்ஜ் வோங்கெரிக்டன் 1987-ல பேர் வாங்கினது அரைவேக்காட்டு முறை. மேல சொன்னது அந்த வகை. அரைவேக்காட்டு முறையில ஒரு நிமிஷம் தப்பினா சாதாரண கேக்தான். ப்ரா முறையில நேரம் கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் நடு உருகியே இருக்கும். தூக்கக் கண்ணோட செய்யறவங்களுக்கு அதுதான் பிழைக்கும். சம எடை சாக்லேட்டும் க்ரீமும் சேர்த்த கனாஷ், 15 கிராம் உருண்டையா உறைபெட்டியில இருந்தா போதும்.

அரைவேக்காட்டு முறையில நடு முட்டை முழுசா வேகறதில்ல. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், நோய் எதிர்ப்பு குறைஞ்சவங்களுக்கு பாஸ்ச்சரைஸ் பண்ணின முட்டை, இல்லைன்னா ப்ரா முறை.

#4 வெண்ணெய்வெட்டி

சாக்லேட் உருக்கும்போது திடீர்னு கட்டி கட்டியா மணல் மாதிரி ஆயிடுதே, அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற எடுக்கணுமா?

#5 உப்புக்கல்

தூக்கிப் போட வேண்டாம். அது தண்ணி பட்டதால வந்தது. உருகின சாக்லேட்ல சர்க்கரைத் துகளும் கோகோத் துகளும் கொழுப்புல மிதக்குது. ரெண்டு சொட்டுத் தண்ணி விழுந்தா சர்க்கரை ஈரமாகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஈரக் கரண்டி, கொதிக்கிற பாத்திரத்து ஆவி, மூடியில இருந்து சொட்டறது, இப்படி வரும். (ஈரக்கைத்துணியும்தான், அவர் தப்பா நினைக்கக் கூடாது.)

கொஞ்சம் தண்ணி கெடுக்கும், நிறைய தண்ணி காப்பாத்தும். 60 கிராம் சாக்லேட்டுக்குக் குறைஞ்சது 15 மி.லி. சூடான பால், க்ரீம், இல்லைன்னா வெந்நீர், ஒரு தேக்கரண்டியா விட்டு நடுவுல இருந்து சுத்திக் கலக்குங்க. கோகோ விகிதம் அதிகமுள்ள சாக்லேட் இன்னும் கொஞ்சம் கேக்கும். முதல்ல மோசமாத் தெரியும், அப்புறம் திடீர்னு பளபளன்னு சேரும். அது இனிமே சாஸ்; கேக்குல, ஐஸ்க்ரீம் மேல, பால்ல எல்லாம் போகும். மேல் பூச்சுக்கு மட்டும் ஆகாது, இறுகாது.

கருகினதுக்கு மருந்து கிடையாது. ஓரத்துல தீய்ஞ்ச வாசம் வந்தா விட்டுடுங்க. மைக்ரோவேவ்னா பாதி சக்தி, 15 விநாடி, கலக்கு, மறுபடி 15. துண்டு உருவம் மாறாம உள்ளுக்குள்ள உருகியிருக்கும், கண்ணை நம்பாதீங்க.

#6 பின்னிரவு

அளவெல்லாம் வரட்டும். அதற்கு முந்தின ஐந்து நிமிடத்தைப் பற்றிக் கொஞ்சம்.

வந்திருப்பது பசியா ஆசையா என்று பார்க்க ஒரு சுலபச் சோதனை: வெறும் அவித்த உருளைக்கிழங்கு கொடுத்தால் சாப்பிடுவீர்களா? ஆமென்றால் பசி, போய் ஒழுங்காகச் சாப்பிடுங்கள். இல்லை, குறிப்பிட்ட ஒன்றேதான் வேண்டுமென்றால் ஆசை.

ஆசை பெரும்பாலும் படமாகத்தான் ஓடுகிறது. உருகும் சாக்லேட், நூலாக நீளும் சீஸ் என்று மனக்கண்ணில் வந்துகொண்டே இருக்கும். ஆகவே கண்ணுக்கு வேறு வேலை கொடுத்தால் தணியும். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் மூன்று நிமிடம் டெட்ரிஸ் (திரையில் விழும் கட்டங்களைத் திருப்பி அடுக்கும் விளையாட்டு) விளையாடியவர்களுக்கு ஆசையின் வேகம் குறைந்தது. வடிவங்களை மனதில் திருப்பிப் பார்க்க வைக்கிற எந்த வேலையும் ஏறக்குறைய இதைச் செய்யும். பாட்டுக் கேட்பது அவ்வளவு உதவாது, அது காதுக்கான வேலை.

இன்னொன்று வேடிக்கையானது. 2010-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. சின்னச் சாக்லேட் மிட்டாய் 30-ஐ ஒவ்வொன்றாகத் தின்பதாகக் கற்பனை செய்தவர்கள், பிறகு நிஜ மிட்டாயைக் குறைவாகத் தின்றார்கள். 3 மட்டும் கற்பனை செய்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. மிட்டாயைக் கிண்ணத்தில் எடுத்துப் போடுவதாகக் கற்பனை செய்ததும் பலிக்கவில்லை. மென்று விழுங்குவதைத்தான் நினைக்க வேண்டும். அரைகுறையாக நினைத்தால் வாய் ஊறும், முழுதாக நினைத்தால் திகட்டும்.

அப்புறம், கெடுப்பது பெரும்பாலும் முதல் துண்டு இல்லை. அதற்குப் பிறகு வரும் "போனது போச்சு". 1975-இல் நடந்த ஒரு சோதனையில், உணவைக் கட்டுப்படுத்துகிறவர்களுக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டுப் பிறகு ஐஸ்க்ரீம் வைத்தார்கள். மில்க்‌ஷேக் குடிக்காதவர்களைவிடக் குடித்தவர்கள்தான் அதிக ஐஸ்க்ரீம் சாப்பிட்டார்கள். முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு என்கிற கணக்கு. எனவே எவ்வளவு என்பதைத் தட்டில் வைக்கும்போதே முடிவு செய்துவிட்டு, பொட்டலத்தை மூடி உள்ளே வைத்த பிறகு உட்காருங்கள். வாயில் போட்ட பிறகு எடுக்கிற முடிவு எதுவும் செல்லாது.

#7 நாக்குநீளம்

உபதேசம்னு வெட்டலாம்னு வந்தேன், நிமிஷக் கணக்கு இருக்கறதால பிழைச்சது. ஆனா 30 மிட்டாயை ஒண்ணொண்ணா மனசுல மெல்றதுக்குள்ள கோப்பைக் கேக் வெந்துடும்.

#8 அரைக்கரண்டி

பின்னிரவு சொல்றதுல பாதிக்கு உடன்பாடு. ஆசை வந்தா விளையாடிப் பாருங்க, சரி. போகலைன்னா, கேட்டதையே கொடுங்க. சாக்லேட் கேக்குற நாக்குக்கு முதல்ல ஒரு பழம், அப்புறம் ரெண்டு பிஸ்கட், அப்புறம் ஒரு ஸ்பூன் தேன், கடைசியில சாக்லேட். இதுதான் வழக்கமா நடக்குறது. நாலும் உள்ள போயிருக்கும்.

இதுக்குக் காரணம் இருக்கு. ஒரே சுவையைத் தொடர்ந்து சாப்பிட்டா அந்தச் சுவை மேல மட்டும் விருப்பம் இறங்கும், மத்த சுவை மேல அவ்வளவா இறங்காது. உணவு ஆய்வாளர் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 1981-ல இருந்தே இதை அளந்து காட்டியிருக்காங்க. வயிறு முட்டினப்புறமும் இனிப்புக்கு இடம் இருக்கறது அதனாலதான். உப்பு, இனிப்பு, மறுபடி உப்புன்னு மாத்தி மாத்திப் போனா இறங்கின விருப்பம் திரும்பத் திரும்ப ஏறும். ஆகவே ஒரு தடவைக்கு ஒரே பண்டம், ஒரே சுவை. மேல தூவ அஞ்சு வகை எடுத்து வைக்காதீங்க.

சாக்லேட்டுன்னா 20, 25 கிராம் போதும், ஆனா சரியா சாப்பிடணும். ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே கடிச்சா ருசியே தெரியாது. நல்ல சாக்லேட்ல கோகோ கொழுப்பு 34 டிகிரி பக்கத்துல உருகற படிகமா இருக்கு. வாய்ச்சூடு அதுக்குச் சரியா மேல. குளிர்ந்த துண்டு அந்த இடத்துக்கு வர்றதுக்குள்ள மென்னு முழுங்கிடுவோம். வெளியில 20 நிமிஷம் வெச்சு, சுத்தின காகிதத்தோடவே வெச்சு (இல்லைன்னா மேல ஈரம் கோத்து சர்க்கரை வெள்ளையாப் பூக்கும்), 5 கிராம் துண்டை நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவுல வெச்சுக் கரைய விடுங்க. வாயை மூடி மூக்கால மூச்சை வெளிய விடும்போதுதான் வாசம் பின்பக்கமா மூக்குக்குப் போகும். ருசின்னு நாம சொல்றதுல பெரும்பங்கு அந்த வாசம்தான். ஒரு துண்டு ஒரு நிமிஷத்துக்கு மேல ஓடும், அஞ்சு துண்டுக்கு ஏழெட்டு நிமிஷம்.

குளிர்ச்சி இனிப்பையே மட்டுப்படுத்தும். நாக்குல இனிப்புச் செய்தியைக் கடத்துற ஒரு புரதம் சூட்டுல நல்லா வேலை செய்யும், குளிர்ல மந்தமாகும். இதை 2005-ல கண்டுபிடிச்சாங்க. உருகின ஐஸ்க்ரீம் திகட்டுறது அதனாலதான். 18 டிகிரி உறைநிலைக்குக் கீழ இருக்கற ஐஸ்க்ரீமை அப்படியே சுரண்டித் தின்னா, ருசி தெரியாம அளவுதான் கூடும். உறைநிலைக்குக் கீழ 12, 13 டிகிரிங்கற அளவுக்கு இளகட்டும்.

#9 தராசுமுள்

அரைக்கரண்டி சொன்னதில் ஒரு திருத்தம். ஐஸ்க்ரீம் டப்பாவை வெளியே வைக்காதீர்கள். தேவையானதைக் கிண்ணத்தில் எடுத்துவிட்டு டப்பாவை உடனே உள்ளே தள்ளிவிட வேண்டும், கிண்ணம் மட்டும் ஐந்து நிமிடம் காத்திருக்கட்டும். டப்பா ஒவ்வொரு முறை இளகி மறுபடி உறையும்போதும் பனித்துகள் பெரிதாகும். நாலு முறை ஆனால் நரநரவென்று மணலைக் கடிப்பது போலிருக்கும். மேற்பரப்பின் மீது பிளாஸ்டிக் தாளை ஒட்டினாற்போல அழுத்தி மூடினால் பனி படியாது.

#10 ஈரக்கைத்துணி

இனிப்பே பேசிட்டு இருக்கோம். உப்பு, மொறுமொறுன்னு கேட்டா?

உருளைக்கிழங்கு விரல் வறுவல், குளிர்ந்த எண்ணெய் முறை. வழக்கமான ரெட்டைப் பொரியல் (முதல்ல 140 டிகிரி, ஆற வெச்சு அப்புறம் 185) நல்லாத்தான் இருக்கும், ஆனா ஒரு ஆளுக்கு அத்தனை கூத்து எதுக்கு. கிழங்கு 250 கிராம், 1 செ.மீ. கனத்துக்கு வெட்டிக் கழுவி, துணியால நல்லாத் துடைங்க. 18 செ.மீ. அகலமுள்ள ஆழமான பாத்திரத்துல போட்டு, மேல ஒரு விரற்கடை நிக்கற அளவுக்குக் குளிர்ந்த எண்ணெய், ஏறக்குறைய 400 மி.லி. பாத்திரம் பாதிக்கு மேல நிறையக் கூடாது. மிதமான தீ. ஆறேழு நிமிஷத்துல குமிழி வரும். அதுல இருந்து 8 நிமிஷம் கரண்டி படக்கூடாது. அந்தக் கட்டத்துல கிழங்கு குழைவா இருக்கும், தொட்டா உடையும். மேல் தோல் லேசா இறுகினதும் அடியில ஒட்டினதை மெதுவா விடுவிச்சு, பொன்னிறம் வர்ற வரைக்கும் விடுங்க. மொத்தம் 22 முதல் 25 நிமிஷம். எண்ணெய் மெதுவா ஏறும்போது உள்ளே வெந்துடுது, அப்புறம் ஈரம் வெளியேறி ஓரம் மொறுக்குது. ரெட்டைப் பொரியல் செய்யற அதே வேலைதான், ஒரே ஏத்தத்துல.

குளிர்ந்த எண்ணெய்ல போட்டா எண்ணெய் குடிக்கும்னு சொல்வாங்க. எண்ணெய் பெரும்பாலும் உள்ளே போறது பொரியும்போது இல்ல, எடுத்த பின்னால. உள்ளே இருக்கற ஆவி ஆறிச் சுருங்கும்போது மேல ஒட்டியிருக்கற எண்ணெயை உறிஞ்சுது. எடுத்த முதல் நிமிஷத்துக்குள்ள உதறி, தாள்ல ஒத்தி எடுத்தீங்கன்னா பாதி சங்கதி முடிஞ்சுது. உப்பு அந்தச் சூட்டுலயே.

வெளியே கருத்து உள்ளே வேகாம இருந்தா கிழங்கு ஃபிரிட்ஜ்ல இருந்திருக்கும். குளிர்ல மாவுச்சத்து சர்க்கரையா மாறும், அது சீக்கிரம் கருகும். அப்படிக் கருகினதுல அக்ரிலமைடுங்கற வேண்டாத பொருளும் கூடுதல். கிழங்கை இருட்டா, காத்தோட்டமா வெளியிலதான் வைக்கணும்.

எச்சரிக்கை: தூக்கம் சொக்கும்போது எண்ணெய்ச் சட்டி வைக்காதீங்க. இருபது நிமிஷம் பக்கத்துலயே நிக்க முடியாதுன்னா இந்த முறை வேண்டாம். தீப்பிடிச்சா அடுப்பை அணைச்சு மூடி போட்டு மூடணும். தண்ணி ஊத்தவே கூடாது.

#11 உப்புக்கல்

நிக்க முடியாதவங்களுக்குப் பாப்கார்ன். மக்காச்சோளம் 40 கிராம், எண்ணெய் 15 மி.லி., 3 லிட்டர் பாத்திரம். எண்ணெய்ல மூணே மூணு சோள மணி போட்டு மூடுங்க. மூணும் வெடிச்சதும் அடுப்புல இருந்து இறக்கி, மிச்சத்தைப் போட்டு 30 விநாடி ஆட்டி, மறுபடி ஏத்துங்க. அந்த முப்பது விநாடியில எல்லா மணியும் ஒரே சூட்டுக்கு வந்து ஒண்ணா வெடிக்கும், முதல்ல வெடிச்சது கருகாது. மூடியை ஒரு நூல் திறந்து வைக்கணும். ஆவி வெளியே போகலைன்னா தோல் மாதிரி இழுக்கும்.

வெடிக்காத மணி நிறைய இருந்தா சோளம் காய்ஞ்சுபோச்சு. மணிக்குள்ள ஏறக்குறைய 14 சதவீதம் ஈரம் இருக்கணும், அதுதான் 180 டிகிரி பக்கத்துல ஆவியாகி ஓட்டை உடைக்குது. அரைக் கிலோ ஜாடிக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணி விட்டுக் குலுக்கி மூடி, ரெண்டு மூணு நாள் விட்டா தேறும். வெண்ணெயை அப்படியே உருக்கி ஊத்தினா நமுத்துடும், அதுல ஆறுல ஒரு பங்கு தண்ணி. நெய்யா காய்ச்சி ஊத்துங்க. உப்பை மிக்சியில பொடிச்சா ஒட்டும்.

#12 அரைக்கரண்டி

அடுத்து உறைபெட்டி விஷயம். பிஸ்கட் மாவை ஒரு ஓய்வு நாள்ல செஞ்சு உருண்டையா உறைய வெச்சுட்டா, ஆசை வர்ற அன்னிக்கு ஒரே ஒரு உருண்டை.

வெண்ணெய் 115 கிராமைச் சட்டியில நுரை அடங்கி, அடியில படிஞ்சது பழுப்பாகி, வறுத்த கொட்டை வாசம் வர்ற வரைக்கும் காய்ச்சுங்க. தண்ணி போய் 95 கிராம் சொச்சம் நிக்கும். கருக ஆரம்பிச்சா பத்து விநாடியில தீய்ஞ்சுடும், வேற பாத்திரத்துக்கு உடனே மாத்தணும், சட்டிச் சூடே கெடுக்கும். வெதுவெதுப்பா ஆறினதும் பழுப்புச் சர்க்கரை 100, வெள்ளைச் சர்க்கரை 50, முட்டை 1. அப்புறம் மைதா 160, சமையல் சோடா 3 கிராம், உப்பு 3 கிராம். கடைசியில நறுக்கின சாக்லேட் 120. 45 கிராம் உருண்டையா 12, 13 வரும். ஒரு நாள் ஃபிரிட்ஜ்ல வெச்சா மாவு ஈரத்தை நல்லா இழுத்துக்கும், நிறமும் வாசமும் கூடும். அப்புறம் தட்டுல இடைவெளி விட்டு உறைய வெச்சு, இறுகினதும் பைக்கு மாத்துங்க. நேரா பைக்குள்ள போட்டா எல்லாம் ஒரே பாறையா ஆகி, "சேர்ந்தே வேக வெச்சுடலாம்"னு தோணும். ரெண்டு மூணு மாசம் தாங்கும்.

உறைஞ்சதை அப்படியே 175 டிகிரியில 14, 15 நிமிஷம். ஓரம் சிவந்து நடு வெளிறி இருக்கும்போதே எடுங்க. அப்பளம் மாதிரி பரந்தா வெண்ணெய் ஆறுறதுக்கு முன்னால கலந்திருக்கீங்க. உருண்டை உருண்டையாவே நின்னா மைதா அதிகம். கப்பால அளந்தா ஒரே கப்பு 120-ம் இருக்கும், 150-ம் இருக்கும், தராசு எடுங்க.

பச்சை மாவைக் கிள்ளித் தின்னாதீங்க. முட்டை ஒரு காரணம். மைதாவும் வேகாத பொருள்தான், அதுலயும் கிருமி இருக்கலாம்.

#13 பின்னிரவு

இதில்தான் எனக்கு உறுத்தல். பன்னிரண்டு உருண்டை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அது திடீர் ஆசை இல்லை, தினப்படி ஆகிவிடும். விருப்பம் ஒன்று, உந்துதல் ஒன்று. கண்ணில் படும் பொருள் உந்துதலைத்தான் கிளப்பும். சாப்பிடும்போது இன்பம் அதே அளவுக்கு ஏறுவதில்லை.

#14 அரைக்கரண்டி

கைக்கெட்டும் தூரத்துல இல்லையே. அவன் சூடேற 10 நிமிஷம், வேக 15, ஆற 5. அரை மணி நேரம் காத்திருந்தும் வேணும்னு இருந்தா அந்த ஒரு பிஸ்கட் தகுதியானதுதான். வெந்து ரெடியா டப்பாவில இருக்கற பன்னிரண்டோட ஒப்பிடுங்க. ஒளிபுகாத பையில, பட்டாணிக்கு அடியில வைங்க, கண்ணுல படாது.

#15 பின்னிரவு

ஒளிபுகாத பை, சரி. ஏர்ஃப்ரையரில் சூடேற்றும் நேரமே இல்லாமல் 9 நிமிடத்தில் வெந்துவிடும் என்பதை யாரும் இங்கே எழுதாமல் இருந்தால் உங்கள் கணக்கு நிற்கும்.

#16 உப்புக்கல்

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுத்துக்கறவங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. திடீர்னு இனிப்பு கேக்குது, கூடவே நடுக்கம், வேர்வை, படபடப்புன்னா அது ஆசையா இருக்காது. முதல்ல அளந்து பாருங்க. 70 மி.கி.க்குக் கீழன்னா 15 கிராம் சர்க்கரை, அதாவது ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட, தண்ணியில கரைச்சுக் குடிச்சு, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி அளக்கணும். அளக்கற கருவி பக்கத்துல இல்லைன்னா காத்திருக்காம குடிச்சுடுங்க. சாக்லேட், ஐஸ்க்ரீம் இதுக்கு ஆகாது. கொழுப்பு இருக்கறதால சர்க்கரை ரத்தத்துல ஏற தாமதமாகும். மயக்கமா இருக்கறவங்க வாயில எதையும் ஊத்தக் கூடாது, ஆம்புலன்ஸ் கூப்பிடணும்.

#17 வெண்ணெய்வெட்டி

#3-ல சொன்ன கேக்குக்கு மஞ்சள்கரு எடுத்தப்புறம் வெள்ளைக்கரு ஒண்ணு மிச்சம் நிக்குதே? அதை என்ன பண்றது?

#18 ஈரக்கைத்துணி

ஐஸ் தட்டுக் குழியில ஊத்தி உறைய வைங்க, மஞ்சள் ஒரு துளி கூடப் படாம. ஒரு வெள்ளைக்கரு 30 கிராம் சொச்சம், ஒரு பெரிய குழி, இல்லைன்னா ரெண்டு சின்னக் குழி. ஃபிரிட்ஜ்ல ஒரு ராத்திரி வெச்சு இளக்கினா புதுசு மாதிரியே நுரைக்கும். மூணு சேர்ந்ததும் 180 கிராம் சர்க்கரையோட மெரிங்கு (வெள்ளைக்கருவை நுரைச்சு உலர்த்துற இனிப்பு), 100 டிகிரியில ஒண்ணரை மணி நேரம். ஆனா இழையோட நிபந்தனை அரை மணி நேரம், அதனால அது வேற இழைக்கு.